பதினேழாம் எண் பை

மரியே வாழ்க

நீலசந்திரா, பெங்களூரு
12-5-2024

அன்புள்ள மௌரீன் அண்ணிக்கு ஐரின் எழுதுவது.

மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? தங்கவயலில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

போன வருஷம் தாஸ் அண்ணன் இறந்த செய்தி போனில் வந்ததிலிருந்து அது அடித்தால் நீங்கள் எடுப்பதே இல்லை என்று உங்கள் மகள் அன்னா சொன்னாள். அதனால்தான் கடிதம். நான் ஏழாவதோடு நின்றவள். ஞாயிறு வாசகம் படித்துப் படித்துத்தான் எழுத்து வந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேளாங்கண்ணி நடைப்பயணம் ஆகஸ்ட் 18 ஞாயிறு புறப்படுகிறது. வழக்கம்போல் பன்னிரண்டு நாள் நடை, பதினோரு இரவு வெட்டவெளியில் கூடாரம், 29-ஆம் தேதி கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். குழுத் தலைவர் குணசேகர் அண்ணன் நேற்று வீட்டுக்கு வந்தார். ஒன்பது வருஷமாகக் குழுவுக்குச் சாமான் கட்டுகிறவள் நான்தானே.

“ஐரின்மா, நீ நோட்ட எடு, நான் ஆளச் சேக்கறேன்” என்றார்.

“இந்த வருஷம் வேற யாரயாவது பாருங்கண்ணா.”

“யாரப் பாக்கறது? உனக்கு ஜுரம் வந்த வருஷம் ஹெலன் கட்டுச்சே, நெனப்பு இருக்கா? இருபது கரண்டி, ஒரு தட்டு இல்ல. எல்லாரும் கரண்டியிலயே சாப்பிட்டோம்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் கடைசியில் சரி என்றுவிட்டேன்.

குழுவின் பெரிய பச்சைத் தார்ப்பாயும் நைலான் கயிறும் அண்ணன் பொறுப்பில் இருந்தன. உங்கள் பரணில்தான் இருக்கும். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. சிரமம் இல்லையென்றால் அன்னா பெங்களூர் வரும்போது கொடுத்தனுப்புங்கள்.

முட்டிக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவுங்கள். ஜெபம் சொல்லும்போது என்னையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரியமுள்ள நாத்தனார்,
ஐரின்

*

மரியே வாழ்க

கோலார் தங்கவயல்
27-5-2024

அன்புள்ள ஐரினுக்கு அண்ணி மௌரீன்.

ஆண்டவர் கிருபையில் எழுந்து உட்கார்ந்து கொண்டிருக்கிறேன். முட்டி அப்படியேதான். அன்னா விடிகாலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய் இருட்டினபின் வருகிறாள். உன் சர்க்கரை இப்போது எவ்வளவு? மாத்திரையைத் தவறவிடாதே.

தார்ப்பாய் பரணில் இருக்கிறது. எடுத்துக்கொள். பக்கத்தில் அவருடைய பையும் இருக்கிறது. உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தபடியே முடிச்சு அவிழாமல் கிடக்கிறது. நான் திறக்கவில்லை. பயம். உள்ளே ஒரு பாட்டில் இருந்துவிட்டால் அப்புறம் அவர் படத்தை எந்த முகத்தோடு பார்ப்பேன்?

அந்தப் பையைக் கட்டினவள் நான். இரண்டு காவி வேட்டி, துண்டு, எண்ணெய். பதினோரு இரவுக்குப் பதினோரு பொட்டலம் கல்லுப்பு. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எண் போட்டுக் கொடுத்தேன். நடந்து வந்து உட்கார்ந்தால் உப்புத் தண்ணீரில் காலை விட்டுவிட்டுத்தான் அவர் வாயே திறப்பார்.

நீ கடிதம் எழுதியதால் கேட்கிறேன். நேரில் பார்த்தால் கேட்கமாட்டேன். உன் நோட்டில் அவர் வந்து சேர்ந்ததாக டிக் இருந்ததாம். பாய் விரித்திருந்ததாம். வந்து சேர்ந்து பாயும் விரித்த மனுஷன் எதற்காக மூன்று கிலோமீட்டர் திரும்பிப் போனார்? அவர் செத்துக் கிடந்த மதகுக்குப் பக்கத்தில் பிராந்திக் கடை இருந்ததாம். குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த நேர்த்திக்கடனுக்குத்தான் நடந்தார். இங்கே கோயிலில் யாரும் என் முகத்துக்கு எதிரே பேசுவதில்லை. முதுகுக்குப் பின்னால், “மாதாவுக்கே டிமிக்கி குடுத்துட்டுப் போனான் பாரு” என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்பதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நீ அங்கே இருந்தவள். உன் கூடப்பிறந்தவர். எதற்குத் திரும்பிப் போனார்?

வெயிலில் அலையாதே.

உன் அண்ணி,
மௌரீன்

*

மரியே வாழ்க

நீலசந்திரா
9-6-2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். சர்க்கரை நூற்றெண்பதில் நிற்கிறது.

அன்னா தார்ப்பாயை ரயிலில் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தாள். பாவம், தோள் சிவந்துவிட்டது. மொட்டை மாடியில் விரித்துப் பார்த்தேன். பெரிய ஓட்டை நான்கு, சின்னது ஒன்பது. பெரியதற்கு சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டினேன். சின்னதற்கு மெழுகு. ஓரத்து வளையங்களில் மூன்று துருப்பிடித்திருந்தன. சிவாஜிநகரில் வாங்கி மாற்றினேன். மேலே தண்ணீர் ஊற்றி, அவரை அடியில் உட்காரவைத்துச் சோதித்தேன். ஒரு சொட்டுதான் விழுந்தது. சரியாக அவர் வழுக்கையில். “இது மாதா குடுத்த சொட்டு, அடைக்காதே” என்கிறார்.

பைக்கு எண் தைக்கத் தொடங்கிவிட்டேன். எங்கள் முறை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். ஆளுக்கு ஒரு பை. பாயைச் சுருட்டிப் பையின் மேலேயே கட்டிவிட வேண்டும். எல்லாம் சேர்த்து ஆறு கிலோவுக்கு மேல் கூடாது. நான் சாமான் வண்டியில் முன்னால் போய், தங்கும் இடத்தில் பைகளை இறக்கி எண் வரிசையில் வைப்பேன். நடந்து வருகிறவர்கள் அவரவர் பையை எடுத்துக்கொள்வார்கள். இருட்டுமுன் வந்து பார்ப்பேன். ஒரு பை மிஞ்சினால் ஒரு ஆள் பின்தங்கிவிட்டார் என்று அர்த்தம். மெக்கானிக் வெங்கி பைக்கை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய் ஏற்றிவருவான். பை மிஞ்சவில்லை என்றால் எல்லாருக்கும் டிக் போட்டு நோட்டை மூடிவிடுவேன். இந்த வருஷம் பையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து எண்ணலாமா என்று கேட்டேன். “ஒம்போது வருஷமா ஓடற வண்டிய இப்ப ஏன்மா கழட்டற?” என்கிறார் குணா அண்ணன்.

அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டும். இப்போது அடுப்பில் பால் வைத்திருக்கிறேன்.

உங்களை மாதாவின் கையில் விட்டு முடிக்கிறேன்.

ஐரின்

*

மரியே வாழ்க

தங்கவயல்
3-7-2024

அன்புள்ள ஐரினுக்கு,

இருக்கிறேன். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பால் இதற்குள் காய்ந்திருக்கும்.

தார்ப்பாயின் ஓட்டையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு இரண்டு வரி. பரவாயில்லை. நீ எழுத முடியாதது ஏதோ பார்த்திருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன். அவர் தள்ளாடிப் போனதைப் பார்த்தாயா? கடையிலிருந்து வந்ததை யாராவது பார்த்தார்களா? எனக்கு வலிக்கும் என்று மறைக்கிறாய். தாலி கட்டினவர் பற்றி நாத்தனார் மறைத்தால், அது நல்ல விஷயமாக இருக்காது.

ஆகஸ்ட் 22 வருஷத் திவசம். சாமியார் பூசைக்குப் பெயர் எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அன்னா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. “அப்பாவ நீயே நம்பலன்னா யாரு நம்புவா?” என்கிறாள். நம்பத்தானே முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். சம்பளத் தேதியில் வாசலில் நின்று நம்பினேன். கடைசி இரண்டு வருஷம் நிஜமாகவே நம்பினேன். அதுதான் ஆறவில்லை.

உடம்பைக் கவனி.

மௌரீன்

*

மரியே வாழ்க

நீலசந்திரா
14-7-2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஐரினின் வணக்கம். உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சுகம்தான்.

இன்று பூசைக்குப் பிறகு எங்கள் வீட்டு மாடியில் பை எடை போட்டோம். பழைய பேப்பர் கடைக்காரரின் கொக்கித் தராசை இரவல் வாங்கியிருந்தேன். ஹெலனின் பை ஒன்பது கிலோ. பிரித்தால் இரண்டு கிலோ முறுக்கு.

“முறுக்கு பையில வந்தாதான் வெயிட்டு, வயித்துல வந்தா வெயிட்டு இல்லியா? இப்பவே சாப்ட்டுட்றேன்” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஹெலன், நீ நடக்கப் போறியா, கட போடப் போறியா?” என்று குணா அண்ணன் கேட்டதற்கு, “கடைன்னா மொத கஸ்டமர் நீதான்” என்று அவர் வாயில் ஒன்றைத் திணித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மற்றபடி அரிசி முப்பது கிலோ, ரவை பதினைந்து, எலுமிச்சை ஊறுகாய் இரண்டு ஜாடி, காலுக்கு வேப்பெண்ணெய், கொப்புளத்துக்கு ஊசி, பழைய வேட்டிக் கிழிசல் ஒரு மூட்டை. பெயர்கள் எழுதி வருகிறேன். பதினாறுக்குப் பிறகு பதினெட்டு எழுதினேன். அண்ணனுடைய பதினேழை யாருக்கும் கொடுக்கவில்லை.

அண்ணி, அண்ணன் குடிக்கவில்லை. அவர் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. இது எனக்குத் தெரியும். எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். திவசத்துக்குப் பூசை வையுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஐரின்

*

தங்கவயல்
21-7-2024

ஐரினுக்கு,

நலம். நலமா?

எப்படித் தெரியும்? மாதா வந்து சொன்னாளா? ஆஸ்பத்திரிக் காகிதத்தில் மாரடைப்பு என்று ஒரு சொல்தான் இருக்கிறது. அதற்குமுன் ஒரு மனுஷன் எதற்காகத் திரும்பி நடந்தான் என்று எந்த டாக்டரும் எழுதவில்லை. கேட்காதே என்று சொல்லிவிட்டு நம்பு என்கிறாய். அவரும் இப்படித்தான் சொல்வார்.

இன்னொன்று. போன ஞாயிறு தராசு போட்ட அன்று அன்னா உங்கள் கோயிலில்தான் பூசை கண்டாள். எல்லாரும் நற்கருணை வாங்கப் போனபோது ஐரின் அத்தை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னாள். விசாரித்தால், ஒரு வருஷமாகவே அப்படித்தானாம். ஜுரத்தில்கூட பூசை தவறாதவள் நீ. ஒரு வருஷம் ஆண்டவரை வாங்காமல் இருக்க உனக்கு என்ன வந்தது?

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி மாதா திருநாளுக்கு வீட்டைக் கழுவப் போகிறேன். அவர் துணிமணியை எல்லாம் ஆசிரமத்துக்குக் கொடுத்துவிடுவேன். அந்தப் பையைத் திறக்காமலே குப்பை வண்டியில் போட்டுவிடுவேன். முடிந்தது என்று இருக்கட்டும்.

மௌரீன்

*

நீலசந்திரா
27-7-2024

அண்ணிக்கு,

உங்கள் நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. நேராக எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன்.

அண்ணன் திரும்பிப் போகவில்லை. அவர் வந்து சேரவே இல்லை.

ஐந்தாம் நாள் மத்தியானச் சாப்பாட்டின்போதே அவர் முகம் வாடியிருந்தது. “இன்னாண்ணா, முடியலன்னா வண்டியில ஏறிக்கோ” என்றேன். “ஏறுனா நேர்த்தி போச்சு. நீ முன்னால போயி என் பாயப் போட்டு வையி, வந்து விழறேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சிங்காரப்பேட்டைக்கு முன்னால் ஒரு மாந்தோப்பில் கூடாரம். பைகளை இறக்கி வரிசையாக வைத்தேன். அண்ணன் சொன்னாரே என்று பதினேழாம் எண் பையை நானே வரிசையிலிருந்து எடுத்தேன். ஆண்கள் பக்கத்தில் கல் இல்லாத இடமாகப் பார்த்து, பாயை அவிழ்த்து விரித்து, பையைத் தலைமாட்டில் வைத்தேன். காலுக்கு ஒரு வாளித் தண்ணீரும் வைத்தேன். பிறகு சமையலுக்குப் போய்விட்டேன்.

ஆறரைக்கு வந்து பார்த்தால் வரிசையில் ஒரு பையும் இல்லை. பை மிஞ்சவில்லை என்றால் ஆள் மிஞ்சவில்லை. நாற்பத்திரண்டு பேருக்கும் டிக் போட்டேன். பதினேழுக்கும் போட்டேன். அந்தப் பையை எடுத்த கை என் கைதான் என்பது அந்த நிமிஷம் நினைவுக்கு வரவில்லை. “எல்லாரும் வந்தாச்சாம்மா?” என்று குணா அண்ணன் கேட்டார். “வந்தாச்சு” என்றேன். பைக்கைக் கிளப்பி வைத்திருந்த வெங்கி அணைத்துவிட்டான்.

ஜெபமாலை முடிந்து பெண்கள் பக்கம் போய்ப் படுத்தேன். அண்ணன் ஆண்களோடு இருப்பார் என்று நான் நினைத்தேன். தங்கச்சியோடு பேசிக்கொண்டிருப்பார் என்று ஆண்கள் நினைத்தார்கள். காலையில் பால் வண்டிக்காரர் வந்து, மதகுப் பக்கம் காவி வேட்டி கட்டின ஒருவர் கிடக்கிறார் என்று சொன்னபோது நான் ஓடிப்போய்ப் பாயைப் பார்த்தேன். விரித்தபடியே இருந்தது.

போலீஸ்காரர் கேட்டதற்கு குணா அண்ணன் என் நோட்டைக் காட்டினார். “டிக் இருக்கு சார். வந்து பாயெல்லாம் விரிச்சிட்டு எங்கியோ போயிருக்காரு.” நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. பிராந்திக் கடைப் பேச்சு கிளம்பியபோதும் திறக்கவில்லை. மறுத்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. அதற்குப் பயந்து என் அண்ணனைக் குடிகாரனாக விட்டுவிட்டேன்.

உயிர் போனது இரவு எட்டு மணிக்கு மேல் என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். வெங்கி ஆறரைக்குப் போயிருந்தால் பத்து நிமிஷத்தில் கண்டிருப்பான். நீங்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் முன் நானே எழுதிவிடுகிறேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். “ஆண்டவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் அந்த அம்மாவிடம் போய்ச் சொல்” என்றார். சொல்லாமல் நற்கருணைக்கு எப்படி நாக்கை நீட்டுவேன்? அதனால்தான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

நாளை குழுக் கூட்டம். அங்கேயும் சொல்லப்போகிறேன். அந்தப் பையைக் குப்பையில் போடாதீர்கள். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை.

ஐரின்

*

நீலசந்திரா
11-8-2024

அண்ணிக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்த்தும் எழுதவில்லை. நடந்ததைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை.

28-ஆம் தேதி கூட்டத்தில் எல்லார் முன்னும் சொன்னேன். வெங்கி எழுந்து வெளியே போய்த் தன் பைக் மேல் உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து வாசலிலிருந்தே, “பை மிஞ்சலன்னாலும் நான் ஒரு ரவுண்டு போயிருக்கணும்” என்றான். குணா அண்ணன் என் நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைப் பார்த்து, திருப்பி என் கையிலேயே கொடுத்தார். வேண்டாம் என்றேன். “நீ இனிமே தப்பா எண்ணமாட்ட. வேற யாரு எண்ணுனாலும் எனக்குத் தூக்கம் வராது” என்றார்.

சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. நாற்பது பேர். பைகள் முன் அறையில் அடுக்கியிருக்கின்றன. படுக்க இடம் இல்லாமல் அவர் சமையலறையில் படுக்கிறார்.

உங்கள் முட்டிவலி எப்படி என்று அன்னாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

ஐரின்

*

15-8-2024

ஐரின்,

அன்னாவிடம் பையைக் கொடுத்தனுப்புகிறேன். நான் திறக்கவில்லை. நீயும் திறக்காதே.

பை மிஞ்சினால் பைக் திரும்பிப் போகும் என்பது உங்கள் சட்டம். இதைத் தினமும் சாயங்காலம் வரிசையில் அதன் இடத்தில் வை. யாரும் எடுக்கக் கூடாது. நீ எடுத்துப் பாய் விரிக்கக் கூடாது. அது மிஞ்சட்டும். மிஞ்சினதற்கு பைக் போகட்டும். பின்னால் நீ உட்கார். மூன்று கிலோமீட்டர். பதினோரு நாளும்.

மௌரீன்

*

மரியே வாழ்க

வேளாங்கண்ணி
30-8-2024

அண்ணிக்கு,

நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தோம். கொடி ஏறியது. கடற்கரைப் பக்கம் தூணில் சாய்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். பை நான்கு கிலோ முந்நூறு இருந்தது. அதன் எண் தையல் அவிழ்ந்திருந்தது. அதை மட்டும் மறுபடி தைத்தேன். வேறெதையும் தொடவில்லை.

முதல் நாள் ஓசூரில் வரிசை காலியாகிப் பதினேழு மட்டும் நின்றது. ஹெலன் விஷயம் தெரியாதவள் மாதிரி, “இன்னும் யாரு வரல?” என்று சத்தமாகக் கேட்டாள். “தாஸ் அண்ணன் வரல” என்றேன். வெங்கி பைக்கைக் கிளப்பினான். மூன்று கிலோமீட்டர் போனோம். லாரிகள்தான் வந்தன. ஓரமாக மெதுவாக ஓட்டினான். ஒவ்வொரு மரத்தடியையும் பார்த்தேன். திரும்பி வந்து நோட்டில் எழுதினேன்: 17, வரவில்லை.

பதினோரு நாளும் அப்படித்தான். மூன்றாம் நாளிலிருந்து ஒருவரும் பை வரிசையைத் தாண்டிப் போய்ப் படுக்கவில்லை. பைக் திரும்பி வரும்வரை சாப்பாட்டுக்கு உட்காராமல் நின்றார்கள். நான் சொல்லவில்லை. அவர்களாகவே நின்றார்கள்.

22-ஆம் தேதி அதே மாந்தோப்பு. மதகில் இறங்கினேன். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. நான்கு தடவை ஏற்றினேன். பிறகு கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். அண்ணன் கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் எங்கள் தோப்பு தெரியாது அண்ணி. சாலை வளைகிறது. விளக்கு மட்டும் மரத்துக்கு மேலே லேசாகத் தெரியும். வெங்கி, “போலாமாக்கா, அவங்க சாப்பிடாம நிக்கறாங்க” என்றான்.

போன வருஷ நோட்டையும் எடுத்துப் போயிருந்தேன். அங்கேயே பதினேழின் டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, வரவில்லை என்று எழுதினேன்.

மறுநாள் காலையில் என் வேலைக்கு ஹெலனை வண்டியில் ஏற்றிவிட்டு, நான் மதகுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து நடந்தேன். அண்ணன் நிறுத்தின இடத்திலிருந்து. பையை அன்னா செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கொள்வாள்.

இன்று நற்கருணை வாங்கவில்லை. வரிசையில் பாதிவரை போய்த் திரும்பிவிட்டேன்.

ஐரின்

*

மரியே வாழ்க

தங்கவயல்
15-9-2024

அன்புள்ள ஐரினுக்கு அண்ணி மௌரீன்.

நான் நலம். முட்டி மழைக்குக் கொஞ்சம் பிடிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? இடது காலில் கட்டுப் போட்டு இரண்டு வாரமாகப் படுத்திருக்கிறாயாமே. சர்க்கரைக்காரி ஏழு நாள் நடந்தால் கால் என்ன ஆகும்? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. உனக்கு மறைக்கிற புத்தி போகவில்லை.

22-ஆம் தேதி பூசை வைத்தேன். பெயரைச் சாமியார் சத்தமாகப் படித்தார். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, அவர் திரும்பிப் போனவர் இல்லை, போய்க்கொண்டிருக்கும்போதே விழுந்தவர் என்று நானே எல்லாரிடமும் சொன்னேன். சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலருக்கு அந்தப் பழைய கதைதான் பிடித்திருக்கிறது. அன்னா சாப்பாடு பரிமாறினாள்.

நேற்று பையைத் திறந்தேன். இரண்டு வேட்டியில் ஒன்று மடிப்புக் கலையவில்லை. துண்டு. ஜெபமாலை. பாட்டில் ஒன்று இருந்தது. தேங்காய் எண்ணெய். அடியில் உப்புப் பொட்டலங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு இல்லை. ஐந்திலிருந்து பதினொன்று வரை ஏழும் இருந்தன. ஐந்தாவதை அவர் பிரிக்கவே இல்லை.

அவர் அந்தத் தோப்புக்கு வந்திருந்தால் ஐந்தாவது பிரிந்திருக்கும். முப்பது வருஷம் அந்தக் காலைத் தெரிந்தவள் நான். பை ஒரு வருஷம் என் தலைக்கு மேலே பரணில் இருந்தது. முடிச்சை அவிழ்த்து ஐந்து வரை எண்ணியிருந்தால் யாரையும் கேட்காமலே எனக்குத் தெரிந்திருக்கும். நீ வாய் திறக்கவில்லை. நான் பையைத் திறக்கவில்லை.

நீ மன்னிப்பு என்ற வார்த்தையை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. நல்லதுதான். எழுதியிருந்தால் என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரிந்திருக்காது. இப்போதும் தெரியவில்லை. சில நாள் ஆறரை மணிக்கு உன்மேல் கோபம் வருகிறது. ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நீ பெஞ்சில் உட்கார்ந்திருப்பதால் எனக்கு ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை. அடுத்த ஞாயிறு எழுந்து போய் வாங்கு. நடக்க முடியவில்லை என்றால் உன் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போ.

இதோடு அன்னா ஒரு சின்ன டப்பா தருவாள். ஐந்தாவது பொட்டலத்தை நான் வைத்துக்கொண்டேன். ஆறிலிருந்து பதினொன்று வரை உனக்கு. புண் ஆறட்டும். டாக்டர் சரி என்ற பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் காலை வை. நாளுக்கு ஒன்று. எண் வரிசைப்படி.

உன் அண்ணி,
மௌரீன்